கடற்கரை நாவலுக்கு அறுபத்தொரு நாள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் முட்டையிட்டுப் பெருகும் காலம் என்று அரசு ஆண்டுதோறும் விதிக்கிற தடை. ராமேசுவரம், பாம்பன், மண்டபம் துறைகளில் படகெல்லாம் வரிசை கட்டி நிற்கும். சிலதைக் கரையேற்றிப் பலகை மாற்றுவார்கள், வர்ணம் பூசுவார்கள். மற்ற மாதங்களில் நின்று பேச நேரமில்லாத ஆட்கள் பூவரசு நிழலில் வலை பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ராமநாதபுரம் கரையை வைத்து ஒரு காதல் நாவல் எழுத இதைவிட வாகான காலம் கிடையாது. வெயில்தான் அதற்குக் கொடுக்கும் விலை.

எழுதுகிறவர் தினமும் நடக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். எதற்கு என்று சொல்ல மாட்டார்கள். இங்கே நடக்கப்போவது ஒரே ஒரு கேள்விக்காக: இந்த ஊரில் ஒரு பெண்ணும் ஒரு பையனும் யார் கண்ணிலும் படாமல் பத்து நிமிடம் நின்று பேச எங்கே இடம் இருக்கிறது? கேட்க எளிது. இந்தக் கரையில் மரம் குறைவு, வெளி அதிகம். அரை மைல் தள்ளி வருகிற ஆளின் நடையை வைத்தே யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லிவிடுவார்கள். அந்தக் கேள்விக்கு இருபது விடை சேர்ந்துவிட்டால் பாதிக் கதை கைக்கு வந்த மாதிரி.

எங்கே தங்குவது

முதலில் எந்தக் கடல் என்று முடிவு செய்யுங்கள். பாம்பன் தீவுக்கு வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. இங்குள்ளவர்களுக்கு அவை வடகடல், தென்கடல். வடகடலைப் பெண்கடல் என்றும் தென்கடலை ஆண்கடல் என்றும் சொல்வதுண்டு. மே பாதிக்கு மேல் தென்மேற்குக் காற்று வலுக்கும்போது தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம் போலக் கிடக்கும். வாடை அடிக்கும் மாதங்களில் இது அப்படியே தலைகீழ். கோடையில் நடக்கும் கதைக்கு ஒரே தெருவின் இரண்டு முனையில் இரண்டு மனநிலை கிடைக்கிறது என்றால் சும்மா விடலாமா?

தங்க தேவிபட்டினம், மண்டபம், தங்கச்சிமடம், கீழக்கரை நல்ல இடங்கள். ராமேசுவரம் கோயிலைச் சுற்றி அறை எடுக்காதீர்கள். பள்ளி விடுமுறை, அமாவாசைக் கூட்டம் இரண்டும் சேர்ந்து எழுத விடாது. முன்பணம் கொடுக்குமுன் மூன்று கேள்வி. குடிக்கிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது? கிணறும் குழாயும் பல இடங்களில் உப்பு. குடமோ கேனோ வாங்கத்தான் வேண்டியிருக்கும். மின்சாரம் போனால் மின்விசிறி ஓடுமா? மூன்றாவதுதான் முக்கியம்: ஜன்னல் எந்தத் திசை? தெற்கும் மேற்கும் திறந்த அறையில் மே கடைசியில் மேசைமேல் மணல் படியும், தாள் பறக்கும், மடிக்கணினியின் விசைகள் நறநறக்கும். கிழக்கு அல்லது வடக்கு ஜன்னலைக் கேளுங்கள். கடல் தெரிகிற ஜன்னல் தேவையே இல்லை. அது வேடிக்கை பார்க்கத்தான் உதவும்.

போன இரண்டாம் நாளே வீட்டுக்காரரிடமும் ஊர்த்தலைவரிடமும் என்ன வேலையாக வந்திருக்கிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள். இது எல்லைக் கடற்கரை. முகம் தெரியாத ஆள் குறிப்பேடும் கையுமாகத் துறையைச் சுற்றினால் கடலோரக் காவல்காரர்கள் கேட்கத்தான் செய்வார்கள். அடையாள அட்டையின் நகல் சட்டைப்பையில் இருக்கட்டும். இருட்டிய பிறகு தனியாகக் கரையில் நடக்க வேண்டாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. ‘சும்மா ஒரு சுற்று’ என்று யாராவது வல்லத்தில், அதாவது நாட்டுப்படகில், கூப்பிட்டாலும் வனத்துறை அனுமதி இல்லாமல் தீவில் கால் வைக்காதீர்கள்.

கணக்கு

45,000 சொல் என்று வைத்துக்கொள்வோம், முப்பது அத்தியாயம், அத்தியாயத்துக்கு 1,500. ஆங்கில வழிகாட்டிகள் சொல்கிற எண்பதாயிரம், தொண்ணூறாயிரம் கணக்கைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ‘போய்விட்டிருந்திருக்கிறாள்’ என்பது நமக்கு ஒரே சொல்.

முதல் ஏழு நாள் (ஏப்ரல் 15–21) ஒரு வரி கூட நாவல் எழுதாதீர்கள். நடை, குறிப்பு, தூக்கம், அவ்வளவுதான். எட்டாம் நாள் தொடங்கிப் பன்னிரண்டு நாளில் இரண்டு நாள் ஓய்வு போகப் பத்து நாள், நாளுக்கு 1,500: ஆக 15,000. மே 4 வாக்கில் கத்திரி தொடங்கும், மே 28 வாக்கில் முடியும். அந்த 25 நாளில் நான்கு நாள் ஓய்வு, மீதி 21 நாளும் ஆயிரம் ஆயிரமாக 21,000. கத்திரி போனதும் ஆறு நாள், மறுபடி 1,500 வீதம், 9,000. ஜூன் 3 அன்று முதல் படி முடிந்திருக்கும். மிச்சம் 11 நாள் திருத்த.

கத்திரியில் அளவைக் குறைப்பதற்குக் காரணம் வெயில் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். எந்தக் காதல் நாவலும் நடுவில்தான் தொய்யும். இருவரும் சந்தித்தாயிற்று, பிடித்தும் போயிற்று, பிரிவு இன்னும் வரவில்லை. அந்த இடமும் கத்திரியும் ஒரே வாரத்தில் வந்து விழும். தொய்வு வரும்போது புதிதாக ஒரு வில்லனைக் கொண்டுவராதீர்கள். அவர்கள் சந்திக்கும் இடத்தைப் பறித்துவிடுங்கள். கரையேற்றி வைத்திருந்த வல்லத்தின் மறைவில் பேசிக்கொண்டிருந்தார்கள் என்றால், வேலை முடிந்து வல்லம் தண்ணீருக்குப் போய்விடட்டும். கதை தானாக நகரும்.

நாள் ஒழுங்கு இப்படி: 4.45-க்கு எழுந்து 5.15-க்குக் கிளம்புங்கள். மே மாதம் இங்கே சூரியன் ஆறுக்குச் சில நிமிடம் முன்பு எழும். ஏழரைக்குள் திரும்பிவிட வேண்டும். எட்டரை முதல் பன்னிரண்டு வரை எழுத்து. சாப்பாடு, தூக்கம். மூன்றரைக்கு அன்றைய பக்கங்களை வாய்விட்டுப் படித்து, உரையாடலை மட்டும் திருத்துங்கள். ஐந்தரைக்கு மேல் சின்ன நடை, ஒரு டீ. காலை நடையைத் தவறவிட்டவர்கள் ‘சாயந்தரம் சேர்த்து நடந்துகொள்கிறேன்’ என்பார்கள். சாயந்தரம் மணல் அனலாகக் கொதிக்கும், காற்று முகத்தில் அடிக்கும், இரண்டு கிலோமீட்டரில் திரும்பிவிடுவார்கள்.

நடையும் அட்டையும்

எடுத்துப்போக வேண்டியவை குறைவு. ஒன்றரை லிட்டர் தண்ணீர், உப்புப் போட்ட மோர் ஒரு புட்டி, முழுக்கைப் பருத்திச் சட்டை, துண்டு, பென்சில், உள்ளங்கை அகலக் கெட்டி அட்டைகள். வியர்வைக் கையில் பேனா மை ஓடும், பென்சில் ஓடாது. கைப்பேசியில் பேசிப் பதிவு செய்யலாம் என்று போனால் காற்றின் இரைச்சல்தான் பதிவாகும். செருப்பு கனமான அடியோடு இருக்கட்டும். சீமைக்கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக் காலுக்குப் போகும். வலை உதறிய இடங்களில் வெறுங்காலோடு நடந்தால் கெளுத்தி முள் ஏறும். கரையில் ஒதுங்கிய சொறியை (ஜெல்லி மீன்) செத்ததுதானே என்று தொடாதீர்கள், செத்த பிறகும் கடுக்கும். பட்டுவிட்டால் மணல் போட்டுத் தேய்க்காமல் கடல்நீரில் அலசுங்கள், மூச்சு முட்டினால் உடனே மருத்துவமனை.

ஒவ்வொரு நடையிலும் மூன்று இடத்துக்கு அட்டை எழுத வேண்டும். அட்டையில் ஆறு வரி. இடம். நேரம். வெளிச்சம். யார் பார்க்கலாம். என்ன சாக்கு. எது கலைக்கும். எழுதினால் இப்படி இருக்கும்:

இடம்: துறைக்கு வடக்கே, கரையேற்றிய மூன்றாவது வல்லத்தின் கடல் பக்கம்.
நேரம்: காலை 5.35 முதல் 5.55 வரை.
வெளிச்சம்: முதலில் முகம் தெரிகிறது, சேலையின் நிறம் போகப்போகத்தான் தெரிகிறது.
யார் பார்க்கலாம்: நாட்டுப்படகில் இருந்து இறங்குகிறவர்கள், டீக்கடைக்காரர், அடுப்பு பற்றவைக்க வெளியே வந்தால்.
சாக்கு: அவளுக்கு, அப்பாவுக்குத் தூக்குவாளியில் டீ. அவனுக்கு, அடைத்த தாரின் வாசம் போயிற்றா என்று பார்ப்பது.
எது கலைக்கும்: அதிகாலைத் தொழுகை முடிந்து ஆட்கள் பள்ளிவாசலிலிருந்து வெளியே வருவது.

ஆறாவது வரிதான் காசு. காட்சியை எப்படி முடிப்பது என்று தெரியாமல் இருவரையும் கடலைப் பார்க்கவைத்து, ‘அலைகள் வந்துகொண்டே இருந்தன’ என்று அத்தியாயத்தை மூடுகிற பழக்கம் நம் நாவல்களில் நிறைய. எது கலைக்கும் என்று தெரிந்தால் அந்த வரி தேவைப்படாது. சொல்ல வந்ததைச் சொல்லாமலே ஒருத்தி தூக்குவாளியோடு ஓட வேண்டியிருக்கும். அடுத்த அத்தியாயம் அங்கேயே பிறந்துவிடும்.

நடக்க நான்கு திசை சொல்லலாம்.

திருப்புல்லாணியிலிருந்து சேதுக்கரை ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர். பனையும் உடைமரமும் மாறி மாறி வரும் நேர்ச்சாலை. மறைவு அநேகமாக இல்லை, ஆனால் ஒரே சாலையில் இருவரும் நடந்தாக வேண்டும் என்பதற்கு ஆயிரம் காரணம் உண்டு. அவள் முன்னால், அவன் ஐம்பதடி பின்னால், பேச்சே இல்லாமல் ஒரு முழு அத்தியாயம் எழுத ஏற்ற வழி.

பாம்பனின் தென்முனையில் குந்துகால். 1897 ஜனவரி 26 அன்று விவேகானந்தர் வந்திறங்கிய கரை. எதிரே குருசடைத் தீவு தெரியும். பக்கத்தில் சின்னப்பாலம். அங்கே கடற்பாசி எடுக்கும் பெண்களைக் கவனியுங்கள். விரல்களில் துணி சுற்றி, பாறை கிழிக்காமல் இருக்கக் காலில் தகடு கட்டி, கண்ணாடி மாட்டி முங்குகிறவர்கள். அவர்கள் வேலைக்குக் கடிகாரம் கிடையாது, வத்தம் ஏத்தம்தான், கடல் வற்றுவதும் ஏறுவதும்தான், நேரம். உங்கள் நாயகி பாசிக்காரி என்றால் அவள் ‘நாளை ஐந்து மணிக்கு’ என்று சொல்ல மாட்டாள், ‘வத்தத்துக்கு முன்னாடி’ என்பாள். அவனுக்கு அது புரியாமல் போய்க் காத்திருப்பது ஒரு நல்ல காட்சி. தண்ணீரில் நிற்கும் பெண்களைப் படமெடுக்காதீர்கள். கரையேறி, உடை மாற்றி, உட்கார்ந்த பிறகு பேச்சுக் கொடுங்கள்.

சாயல்குடிப் பக்கம் பனங்காடு. இந்த மாதங்களில் பதநீர் இறங்கும், நுங்கு வெட்டுவார்கள். விடியுமுன் ஏறுகிறவரின் கலயத்தில் சுண்ணாம்பு தடவியிருக்கும். தடவாவிட்டால் அது கள்ளாகிவிடும். பனைக்குள்ளேயே ஓலை வேய்ந்த விடிலியில் பதநீரைக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டி ஆக்குவார்கள். பெரும்பாலும் பெண்களின் வேலை. பதம் பார்க்கிற அந்தக் கடைசி நேரத்தில் அடுப்பை விட்டு நகர முடியாது. நகர முடியாத பெண்ணிடம்தான் ஒருவன் வந்து நின்று பேச முடியும். கிண்டுவதை நிறுத்தினால் அடிப்பிடிக்கும் என்பதும் அவளுக்குத் தெரியும். காதல் காட்சிக்கு இதைவிடப் பதற்றமான மேடையைக் கற்பனையால் கட்ட முடியுமா என்று தெரியவில்லை.

தனுஷ்கோடி கடைசி. 1964 டிசம்பர் 22 நள்ளிரவுப் புயலில் அழிந்த ஊர். இடிந்த தேவாலயத்தின் முன் காதலர்கள் பிரிவதும் சேர்வதும் தேய்ந்துபோன காட்சி, விட்டுவிடுங்கள். அங்கே வேறொன்று இருக்கிறது. இரு பக்கமும் கடல் சூழ்ந்த அந்த மணலில் சில அடி தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். கையால் மணலைத் தள்ளி, ஊறும்வரை காத்திருந்து, சிரட்டையால் மொண்டு ஊற்ற வேண்டும். குடம் நிறைய நேரமாகும். ஒரு குடம் நிறைகிற நேரத்தில் இருவர் என்னென்ன பேசலாம் என்று ஓர் அட்டை எழுதுங்கள். வார நாளில், காலையிலேயே போய்விடுங்கள். பொழுது சாய்ந்தபின் அரிச்சல்முனையில் நிற்க விட மாட்டார்கள், ஆகவே நிலாவில் அங்கே காதல் பேச வைத்தால் உள்ளூர் வாசகர் சிரிப்பார்.

எங்கே சறுக்கும்

சூரியன் முதல் எதிரி. ராமேசுவரம் அக்னி தீர்த்தமும் தேவிபட்டினமும் கிழக்கு பார்த்தவை. அங்கே சூரியன் கடலில் எழும், இறங்குவது நிலத்துப் பக்கம். ‘செவ்வானம் கடலில் கரைந்தது’ என்று மாலைக் காட்சியை அக்னி தீர்த்தத்தில் எழுதியவர்கள் நேரில் நின்று பார்த்திருக்க மாட்டார்கள். நெய்தலுக்கு உரிய பொழுது எற்பாடு, உணர்ச்சி இரங்கல் என்று பழைய இலக்கணம் வைத்திருப்பதை வைத்துக்கொண்டு எல்லாக் காட்சியையும் மாலைக்குத் தள்ளவும் வேண்டாம். அட்டைகளைப் பிரித்துப் பாருங்கள். பாதிக்கு மேல் சாயந்தரமாக இருந்தால் நீங்கள் காலையில் நடக்கவில்லை என்று பொருள்.

நிலா அடுத்தது. பௌர்ணமியன்று சூரியன் விழும்போது எழும்; அதன்பின் நாளுக்கு முக்கால் மணிக்கு மேல் தள்ளித் தள்ளி எழும். கதையின் தேதிகளை ஒரு நாட்காட்டியில் குறித்துக்கொண்டால், பௌர்ணமி கழிந்து ஐந்தாம் நாள் ஏழு மணிக்கு நிலவொளியில் அவள் கண்ணீர் மின்னாது.

காற்று. தென்கரையில் மே பிற்பகலில் கிசுகிசுக்க முடியாது. மூன்றடி தள்ளி நின்றாலே கத்த வேண்டும், கத்தினால் காற்று போகும் பக்கம் நூறடி தள்ளி உட்கார்ந்திருப்பவருக்குக் கேட்கும். யார் காற்று வரும் பக்கம் நிற்கிறார்கள், யார் காற்று போகும் பக்கம் என்று காட்சிக்கு முன் முடிவு செய்யுங்கள். ஒட்டுக்கேட்பது இப்படித்தான் நடக்கும். மீன்பிடிக்கிறவர் வாயில் காற்றுக்குத் திசைப்பெயர் இருக்கும்: கச்சான், சோழகம், கொண்டல், வாடை. அவர் ‘தென்றல்’ என்று சொன்ன இடத்தில் நாவல் கவிழ்ந்துவிடும்.

பறவை. பூநாரையும் மற்ற வலசைப் பறவைகளும் குளிர்மாதங்களின் விருந்தாளிகள். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்கள் மே மாதம் வெடித்துக் கிடக்கும். வெடித்த கண்மாய்க்கும் ஒரு பயன் உண்டு. தண்ணீர் இருக்கும்போது சுற்றிப்போகிற இரண்டு ஊர்க்காரர்கள் கோடையில் குறுக்கே நடப்பார்கள். மழைக்காலத்தில் சந்திக்க வாய்ப்பில்லாத இருவரை அங்கே எதிரெதிரே வரவிடலாம்.

பேச்சு மொழிக்கு ஒரே வழி கேட்பதுதான். குமரிப் பேச்சையோ தூத்துக்குடிப் பேச்சையோ எடுத்து எல்லா மீனவர் வாயிலும் திணிக்காதீர்கள். கீழக்கரை முஸ்லிம் வீட்டில் அப்பா வாப்பா, அம்மா உம்மா, அண்ணன் காக்கா, அக்கா லாத்தா. அங்கே மரைக்காயர் குடும்பங்களில் மாப்பிள்ளை பெண்வீட்டோடு போய் இருப்பது வழக்கம். ‘புகுந்த வீட்டுக்குப் போகும் மகளைப் பார்த்துத் தாய் அழுதாள்’ என்று பழக்கத்தில் எழுதிவிட்டால் ஒரே வரியில் ஊர் மாறிப்போகும்.

இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போவதைத் திருப்பமாக வைக்கிறவர்கள் உண்டு. வைக்கலாம், ஆனால் ஒரு பக்கத்தில் பிடித்து மறுபக்கத்தில் விடுவிக்காதீர்கள். காவல் நீட்டிப்பு, படகு திரும்பாமல் போவது, கடன், துறையில் பெண்கள் உட்கார்ந்து மறிப்பது என்று அது மாதக்கணக்கில் நடக்கிற காரியம். அதைத் தாங்க நாவலில் பத்து அத்தியாயமாவது இடம் வேண்டும். இடம் இல்லையென்றால் தொடாதீர்கள்.

கடைசிப் பதினொரு நாள்

ஜூன் 4 முதல் மூன்று நாள் பிரதியைத் தொடாமல் வையுங்கள். அட்டைகளில் இருக்கிற இடங்களுக்கு மட்டும் திரும்பப் போய் வாருங்கள். இந்த ஏழு வாரத்தில் பாதி மாறியிருக்கும்: வல்லம் போயிருக்கும், பதநீர் குறைந்திருக்கும், மணல்மேட்டில் அடும்பங்கொடியைக் காற்று மூடியிருக்கும். மாறியது கதையின் காலத்தோடு ஒத்துப்போகிறதா என்று ஓரத்தில் குறியுங்கள். பிறகு ஐந்து நாள், நாளுக்கு ஆறு அத்தியாயம், உரக்கப் படித்துத் திருத்தம். ஒரே சோதனை போதும்: இருவரும் சந்திக்கும் ஒவ்வொரு காட்சியிலும் சாக்கு என்ன என்று வாசகருக்குத் தெரிகிறதா? தெரியாத காட்சியை வெட்டுங்கள், அல்லது சாக்கைக் கொடுங்கள். அடுத்த இரண்டு நாள் ஊர்ப்பெயர், திசை, நேரம், உறவுமுறை சரிபார்ப்பு. உள்ளூரில் படிக்கிற பழக்கமுள்ள ஒருவரிடம் நான்கைந்து அத்தியாயம் கொடுத்துப் பென்சிலால் அடிக்கச் சொல்லுங்கள்.

ஜூன் 14 மாலை கடைசி அத்தியாயத்தின் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு விசைப்படகுத் துறைக்குப் போங்கள். ஐஸ் உடைக்கிற சத்தம், டீசல் பீப்பாய்கள், வலை ஏற்றுகிற ஆட்கள், டோக்கன் (கடலுக்குப் போகும் அனுமதிச் சீட்டு) பற்றிய விசாரிப்பு. இரண்டு மாதம் அமைதியாகப் பார்த்த இடமா என்று இருக்கும். நாயகன் விசைப்படகில் போகிறவன் என்றால் அவனை வழியனுப்ப அவள் எங்கே நிற்க முடியும் என்று தேடிப் பாருங்கள். அன்றைக்குத் துறையில் மறைவே இருக்காது, அவள் அநேகமாகத் தன் வீட்டுத் திண்ணையில்தான் இருப்பாள். அங்கிருந்து எந்தப் படகின் விளக்கு தெரியும், எது தெரியாது என்று நடந்துபோய்ப் பார்த்துவிட்டு, தாளைப் பிரித்துத் திருத்துங்கள்.